விண்கலமும் மலைப்பாதையும்: செங்கோட்டைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி பக்கத்தில், கேரள எல்லையில் இருக்கிற செங்கோட்டையில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், வயரிங், சென்சார் எல்லாம் நம்ம கடையில் உண்டு. அறிவியல் புனைவுத் தொடர்கள் மேல் எனக்கு இருக்கிற பிரியம் புளியரை தாண்டி, கேரளப் பக்கம் ஆரியங்காவு வரைக்கும் தெரியும். டி.என். 76 வண்டி வந்தாலும் புனலூரின் கே.எல். 25 வண்டி வந்தாலும், வேலை முடிகிற வரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, வண்டி வேலைக்கும் விண்வெளிக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு இரண்டும் ஒரே வீட்டில் கிடைத்தன. அப்பா ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவர். டிவியைச் சரிசெய்த உடனே கொடுத்துவிட மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அப்படி ஓடிய ஒரு டிவியில்தான் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ஸ்டார் ட்ரெக்கை முதன்முதலாகப் பார்த்தேன். அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் வந்த தொடர் அது. நம்ம பக்கம் வந்து சேரப் பல வருஷம் ஆனது. எனக்கு ஆங்கிலம் புரியவில்லை, கேப்டன் கிர்க் என்ன பேசினார் என்று தெரியவில்லை. ஆனால் இன்ஜினியர் ஸ்காட்டி ஒரு மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டது நன்றாகப் புரிந்தது. பக்கத்தில் அப்பாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எந்தத் தொடரைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: கப்பல் கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள், எப்படிச் சரிசெய்வார்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிற தொடர் எனக்குப் பிடித்துவிடும். வண்டி வாங்கலாமா என்று யாராவது கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: புதிதாகப் பார்க்கிறவர் எதில் ஆரம்பிக்கலாம்?

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன். 1987 முதல் 1994 வரை வந்தது. முதல் சீசன் சுமார்தான், மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தாலும் கதை புரியும். நேரம் குறைவு என்றால் 2002-இல் வந்த ஃபயர்ஃப்ளை, மொத்தமே 14 பகுதிகள். டாக்டர் ஹூ 1963-இல் தொடங்கியது என்பதால் பயப்பட வேண்டாம், 2005-இல் மறுபடி தொடங்கிய இடத்திலிருந்து பார்க்கலாம். பிளாக் மிரரைப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

கேள்வி: புது வண்டியில் எல்லாமே தொடுதிரை. ஸ்டார் ட்ரெக் மாதிரியே இருக்கிறதே, உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டுமே?

பிடிக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனில் கப்பல் முழுக்க வழவழப்பான கறுப்புப் பலகைகள், அதில் வண்ண வண்ணக் கட்டங்கள், விரல் பட்டால் வேலை செய்யும். அதை வடிவமைத்தவர் மைக்கேல் ஒகுடா. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தது பணக் கணக்கு. பழைய தொடரில் இருந்ததுபோல நூற்றுக்கணக்கான சுவிட்சும் விளக்கும் பொருத்த அவர்களிடம் பணம் போதவில்லை. அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் அச்சிட்ட படத்தை வைத்து, அதற்குப் பின்னால் விளக்கைப் போட்டார்கள். பார்க்க அழகாகவும் இருந்தது, செலவும் குறைந்தது. ஒரு நாடக செட்டுக்கு அருமையான யோசனை.

கார் கம்பெனிகளுக்கும் கணக்கு அதேதான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு அச்சு, ஒரு கனெக்டர், ஒரு வயர். நான் டாஷ்போர்டைக் கழற்றுகிறவன், உள்ளே எவ்வளவு வயர் போகிறது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் கொண்டுபோனால் அவ்வளவும் மிச்சம். ஆனால் செட்டில் நின்ற நடிகருக்கு எதிரே லாரி வரவில்லை. நமக்கு வருகிறது.

புளியரை எஸ் வளைவில் சாரல் காலத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கண்ணாடியில் உள்பக்கம் புகை படியும். பழைய வண்டியில் கை தானாகப் போய்த் திருகை ஒரு சுற்றுச் சுற்றும், கண் ரோட்டை விட்டு நகராது. கடைக்கு வந்த ஒரு புது வண்டியை அன்று நானே ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் புகையை நீக்க ஏசி படத்தைத் தொட்டு, அடுத்த பக்கம் போய், அங்கே ஒரு சின்னக் கட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. மூன்று தொடுதல், மூன்று முறை கண் கீழே. அதற்குள் எதிரே எம்.சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் மூச்சு வந்தது.

2017 ஆகஸ்டில் ஜான் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே ஒரு டேங்கர் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் ஒரு கட்டுப்பாட்டு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றும்போது வந்த குழப்பம் விசாரணையில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019-இல் அந்தக் கடற்படை தன் கப்பல்களில் கையால் தள்ளுகிற லீவருக்கே திரும்ப முடிவெடுத்தது. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கிற யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிச் சுவிட்ச் வேண்டும் என்று மதிப்பெண் முறையை மாற்றியிருக்கிறது. பாட்டுக்கும் வரைபடத்துக்கும் திரை இருக்கட்டும். காற்று, விளக்கு, வைப்பர் மூன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி வேண்டும்.

கேள்வி: எக்ஸ்பான்ஸ் தொடரை ஏன் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள்?

இரண்டு காரணம். முதலாவது, அதில் கப்பலைக் கட்டியிருக்கிற விதம். மற்ற தொடர்களில் கப்பல் பஸ் மாதிரி படுத்திருக்கும், ஆட்கள் பஸ்ஸில் நிற்பது மாதிரி நிற்பார்கள். எக்ஸ்பான்ஸ் கப்பல் நிமிர்ந்த மாடிக் கட்டடம். இன்ஜின் அடியில். அது தள்ளுகிற தள்ளுதான் காலைத் தரையில் நிறுத்துகிற எடை. பாதி வழி வரை வேகம் கூட்டி, பிறகு கப்பலை அப்படியே தலைகீழாகத் திருப்பி, மீதி வழி முழுக்க அதே இன்ஜினால் வேகத்தைக் குறைப்பார்கள். விண்வெளியில் பிரேக் இல்லை என்பதை மறக்காத தொடர்.

இரண்டாவது காரணம் பேச்சு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கிற விண்கற்பட்டையில் பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள் பேசுகிற ஒரு கலவை மொழி அதில் வருகிறது. நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் அதற்காகவே உருவாக்கியது. பல நாட்டுக்காரர்கள் ஒன்றாக வேலை பார்த்ததில் பிறந்த பேச்சு. சகோதரனுக்குப் பெரட்னா, நம்ம ஆட்கள் என்பதற்குப் பெல்டலௌடா. விண்வெளி உடைக்குள் முகம் தெரியாது என்பதால் தலையாட்டுவதற்குப் பதில் கையை அசைத்தே ஆமாம், இல்லை என்பார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு நம்ம கடைதான் ஞாபகம் வந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கேரளப் பக்கம் இருந்த ஊர். இன்றைக்கும் ஆரியங்காவுக்காரர் வந்தால் நான் "சேட்டா" என்பேன், அவர் என்னை "அண்ணாச்சி" என்பார். டீ ஊற்றும்போது போதும் என்பதற்கு "மதி" என்று நிறுத்துவார், கணக்குப் பேசும்போது தமிழுக்கு வந்துவிடுவார். யாரும் யாருக்கும் மொழிபெயர்ப்பது கிடையாது. பூமியில் இருக்கிறவர்கள் அந்தத் தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கிற காட்சி வந்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

2015-இல் தொடங்கி ஆறு சீசன், 62 பகுதிகள். முதல் சீசனில் நான்கு பகுதி வரை பொறுமையாக இருங்கள்.

கேள்வி: விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்குமா?

கேட்காது, காற்று இல்லை. ஃபயர்ஃப்ளையில் வெளிக் காட்சிகளைச் சத்தமில்லாமலே எடுத்தார்கள். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: இப்போது வண்டிக்குள்ளேயே சிம் போட்டு இன்டர்நெட்டோடு வருகிறதே. நல்லதா, கெட்டதா?

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா பார்த்தவர்களிடம் இதைக் கேட்க வேண்டியதில்லை. 2003-இல் முன்னோட்டமாகவும் 2004 முதல் 2009 வரை தொடராகவும் வந்தது. மனிதர்கள் செய்த இயந்திரங்களான சைலான்கள் மனிதர்கள் மேலேயே படையெடுக்கிறார்கள். புதுப்புதுப் போர்க்கப்பல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கணினியால் இணைக்கப்பட்டவை, சைலான்கள் அந்த வழியாக நுழைந்து எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். தப்புவது கேலக்டிகா என்ற பழைய கப்பல். அருங்காட்சியகமாக மாற்றப்படவிருந்த கப்பல் அது. அதன் தளபதி அடாமா கணினிகளை இணைக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். கப்பலுக்குள் பேசுவதற்குக்கூட வயர் வைத்த போன்தான்.

கதைதானே என்று விட்டுவிட முடியாது. 2015-இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியின் இன்ஜின் இழுவையைத் தூரத்தில் உட்கார்ந்தபடியே துண்டித்துக் காட்டினார்கள். நுழைந்த வழி வண்டியின் பாட்டுப்பெட்டியில் இருந்த இணையத் தொடர்பு. அதற்குப் பிறகு 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். பாட்டுப்பெட்டிக்கு இணையம் இருக்கட்டும். அது பிரேக்கோடும் ஸ்டியரிங்கோடும் பேசுகிற வழியில் உறுதியான கதவு வேண்டும். வண்டி வாங்கும்போது மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை வருஷம் வரும் என்று கேளுங்கள். மைலேஜ் கேட்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

கேள்வி: நைட் ரைடர் கார் மாதிரி தானே ஓடுகிற வண்டி நம்ம ரோட்டுக்கு வருமா?

அந்தத் தொடரில் தானே பேசி ஓடுகிற கிட் என்ற கறுப்பு வண்டி மேல் எனக்கு இன்றும் ஆசை உண்டு. 1982 மாடல் போன்டியாக் ட்ரான்ஸ் ஆம், குரல் கொடுத்தவர் வில்லியம் டேனியல்ஸ். முன்னால் இடமும் வலமும் ஓடுகிற அந்தச் சிவப்பு விளக்கைப் பழைய எல்.இ.டி.களை வைத்து நானே செய்திருக்கிறேன்.

தானியங்கி வண்டிகளுக்கு 0 முதல் 5 வரை படிநிலை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அடாஸ் என்று விற்கிறவை இரண்டாம் படி. கோட்டுக்குள் வைத்துக்கொள்ளும், முன் வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும், ஆனால் பொறுப்பு முழுக்க ஓட்டுநர் கையில். நான்குவழிச் சாலையில் உதவும். செங்கோட்டை–புனலூர் பாதையில் கோடே பாதி இடத்தில் அழிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் இருட்டில் ஓரமாக நடந்து போவார்கள். வளைவில் முன்னே போகிற லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி "வா" என்பார், அல்லது "நில்" என்பார். அந்தக் கையைப் படிக்கிற வண்டி வந்தால் நான் முதல் ஆளாக ஏறி உட்காருவேன். அதுவரை அந்த உதவிகளை மலைப்பாதையில் நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: மின்சாரக் கார் மலை ஏறுமா? கொல்லம் போய்த் திரும்ப முடியுமா?

ஏறும், நன்றாகவே ஏறும். மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு இழுவை கிடைக்கும், கியர் மாற்றுகிற வேலை இல்லை. செலவுக் கணக்கை நீங்களே போடலாம். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,500 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 0.4 யூனிட் கூடுதலாகச் செலவாகும். 2020-இல் வந்த முதல் நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரியே 30.2 யூனிட். நம்ம கணவாய் ஊட்டி அளவு உயரமும் கிடையாது. ஏற்றத்தைவிட ஏசியும் ஆக்சிலேட்டரை மிதிக்கிற காலும்தான் அதிகம் தின்னும்.

இறக்கத்தில்தான் இந்த வண்டியின் அழகு. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலைப்பாதையில் ஓட்டப் பழக்குகிறவர்கள் சொல்வார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதுதான் காரணம். மின்சாரக் காரில் காலை எடுத்தாலே மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். ஏறும்போது கூடுதலாகச் செலவானதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். ஒரு விஷயம்: பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, மோட்டார் பிடிப்பும் குறையும். மலை உச்சியில் தங்கி முழுக்க சார்ஜ் போட்டு இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொல்லம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போகலாம், அங்கே சாப்பிடுகிற நேரத்தில் ஒரு தடவை சார்ஜ் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் திரும்பலாம். கேரளப் பக்கம் மின்சார வாரியமே தெருக் கம்பத்தில் இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் சார்ஜர் வைத்திருக்கிறது. நம்ம பக்கமும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: மழையில் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், அந்தப் பேட்டரி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. அதற்காக ஓடைக்குள் இறக்காதீர்கள், எந்தக் காரானாலும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: என்ன இருந்தாலும் அம்பாசிடர் மாதிரி வருமா?

2014-இல் உற்பத்தி நின்ற வண்டியை இன்னும் கேட்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம், எந்த ஊரில் நின்றாலும் ஒரு ஆள் சரிசெய்துவிடுவார். அதே 2014-இல் நின்ற மாருதி 800-உம் அப்படித்தான், 796 சிசி, மூன்று சிலிண்டர், மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அம்பாசிடரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. பாதுகாப்பில் புது வண்டிதான் மேல்.

என் வருத்தம் வேறு. போன வருஷம் ஒரு வண்டி வந்தது. கோளாறு ஒரு சின்ன சென்சார். அதே கம்பெனி சென்சாரை அதே எண்ணில் வாங்கி மாட்டினேன். வண்டி அதை ஏற்கவில்லை. அந்தக் கம்பெனியின் மென்பொருளை வைத்துப் பதிந்தால்தான் ஏற்குமாம். அரை மணி நேர வேலைக்கு வண்டியை டவ் பண்ணி வேறு ஊருக்கு அனுப்பினோம். வண்டிக்காரர் ஒரு பால்காரர், இரண்டு நாள் வியாபாரம் போனது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் ஒரு குழு அமைத்தது, அதன் பட்டியலில் வாகனங்களும் இருக்கின்றன. வயரிங் படமும் பதிவு மென்பொருளும் சின்னக் கடைக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு நியாயமான காசு வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: நம்ம நாட்டில் இப்படித் தொடர் வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. சுஜாதா எழுதிய என் இனிய இயந்திரா தூர்தர்ஷனில் தொடராகவே வந்தது, ஜீனோ என்ற இயந்திர நாய் யாருக்கும் மறக்காது. வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குள்ள பொறியாளர் எழுதிய கதை அது. இந்தியில் 1998-இல் கேப்டன் வியோம் வந்தது.

இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும். ராக்கெட் நம்ம மலையைச் சுற்றித்தானே இருக்கிறது. மகேந்திரகிரியில் இன்ஜின் சோதிக்கிறார்கள். சந்திரயான் வண்டிகளைச் சோதிக்க நிலா மண் மாதிரியான மண் நாமக்கல் பக்கத்திலிருந்து போனது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ஒரு தேவாலயத்தை அலுவலகமாக்கி, ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோய், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, நவம்பர் 23 அன்று, லண்டனில் டாக்டர் ஹூ முதல் பகுதி ஒளிபரப்பானது. அந்த வாரத்தை வைத்தே ஒரு தொடர் எடுக்கலாம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஒரு பிட்டர், ஒரு வெல்டர், ஒரு இளம் விஞ்ஞானி போதும். யாராவது எடுத்தால் செட்டுக்கு வயரிங் நான் செய்து தருகிறேன்.

கேள்வி: உங்களுக்கு மிகப் பிடித்த ஒரே ஒரு பகுதி?

ஃபயர்ஃப்ளையில் "அவுட் ஆஃப் கேஸ்". இன்ஜினில் ஒரு சின்ன பாகம் போய்விடுகிறது. மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. கெய்லி என்ற மெக்கானிக் பெண் அந்த உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஒட்டவும் முடியாது, வேறு எதையும் வைக்கவும் முடியாது என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். கடையில் அந்த முகத்தோடு நானும் நின்றிருக்கிறேன்.

நிஜத்தில் நடந்ததையும் கேட்டால், வாயேஜர் 1. 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய விண்கலம். 2023 நவம்பரில் அது அனுப்புகிற தகவல் எல்லாம் குழம்பிப் போனது. தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். நாசா ஆட்கள் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துப் படித்தார்கள். நினைவகத்தில் ஒரு சிப் செத்துப்போனதைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, மற்ற இடங்களில் எங்கெங்கே காலி இருக்கிறதோ அங்கெல்லாம் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் அது மறுபடி சரியாகப் பேசியது. அன்று இரவு கடையை மூடாமல், வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய டெஸ்ட் லேம்ப் மேஜை மேல்தான் இருந்தது.